தோண்டுகிறவர் யார், எழுதுகிறவர் யார்?

(தஞ்சாவூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அகழாய்வுக் குழிகளில் மண்ணடுக்குகளைப் பதிவு செய்வது என் வேலை. அதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். சாதி ஒழிப்புக் கூட்டத்தில் மண்ணடுக்குக்கு என்ன இடம் என்று சிலருக்குத் தோன்றலாம். கொலையும் எரிப்பும் புதைப்பும் நடந்த ஒவ்வொரு முறையும் நம்மிடம் "ஆதாரம் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். பல நேரம் அந்த ஆதாரம் மண்ணுக்குள் இருக்கிறது. அதை எப்படி எடுக்கிறார்கள், யார் எழுதுகிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. இன்று அதைக் கேட்போம்.

"மண் பொய் சொல்லாது" என்பார்கள். அது பாதிதான் சரி. தோண்டிய மண்ணை மறுபடி பழையபடி அடுக்க முடியாது. அறுத்த பயிரை யாராலும் வயலில் திரும்ப நிறுத்த முடியாது இல்லையா? அறுப்பு முடிந்தால் கையில் இருப்பது நெல்லும், எத்தனை மரக்கால் என்ற கணக்கும்தான். அகழாய்வும் அப்படியே. தோண்டத் தோண்ட இடம் அழிகிறது. கடைசியில் மிஞ்சுவது பையில் போட்ட பொருளும் பதிவேடும். பதிவேட்டில் இல்லாத அடுக்கு, நீதிமன்றத்தைப் பொறுத்தவரை இருந்ததே இல்லை.

நம் டெல்டாவில் அறுத்தவர் யார், மரக்கால் கணக்கு எழுதியவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுத்த கைக்குக் கணக்கைக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் அடுக்கு என்றால் என்ன? நம் வயலையே எடுத்துக்கொள்வோம். மேலே உழவு மண், ஆண்டாண்டாகச் சேற்றுழவு பட்டுக் கலங்கிய மண். அதன்கீழ் ஏர் படாத இறுகிய களி. அதற்கும் கீழே ஆறு எப்போதோ கொண்டுவந்து போட்ட வண்டலும் மணலும். கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. இது பொது விதி. இந்த விதியைக் குலைக்கிற வேலைகளும் மண்ணில் எப்போதும் நடக்கின்றன. சித்திரை வெயிலில் களிமண் வயல் பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்பில் இன்று விழுகிற ஐந்து ரூபாய்க் காசு, பழைய பானை ஓட்டுக்குப் பக்கத்தில் போய்க் கிடக்கும். மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்ததும் வெடிப்பு மூடிக்கொள்ளும். எலி வளையும் நண்டு வளையும் இதே வேலையைச் செய்கின்றன. அதனால் ஒரு பொருள் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த அடுக்கில், எந்த மண்ணுக்குள், எதை ஒட்டிக் கிடைத்தது என்று எழுத வேண்டும்.

குழி வெட்டி மூடினால் மண் அதைக் காட்டிக்கொடுக்கும். கீழ்க் களி மேலே வந்து, மேல் மண் கீழே போய், இரண்டும் கலந்த நிறத்தில் அந்த இடம் நிற்கும். சுற்றிலும் இறுகிய மண், உள்ளே தளர்ந்த மண். நாங்கள் குழியின் விளிம்புக்கு ஓர் எண், உள்ளே நிரப்பிய மண்ணுக்கு ஓர் எண், உடலுக்கு ஓர் எண் என்று தனித்தனியாகப் போடுவோம். குழி எந்த அடுக்கிலிருந்து வெட்டப்பட்டது என்பதுதான் முக்கியமான கேள்வி. கப்பி ரோடு ஒன்று குழியின் மேல் அறுபடாமல் ஓடினால், ரோடு போடுவதற்கு முன்பே அந்தக் குழி மூடப்பட்டுவிட்டது. ரோட்டை அறுத்துக்கொண்டு குழி இறங்கியிருந்தால், ரோடு போட்ட பிறகுதான் வெட்டியிருக்கிறார்கள். ரோடு போட்ட ஆண்டு பஞ்சாயத்துக் கணக்கில் இருக்கும். எந்த ஆய்வகமும் இல்லாமலே காலத்தைக் குறுக்கிவிடலாம். ஜேசிபி வைத்து ஒரே அள்ளாக அள்ளினால் இந்த விளிம்பு போய்விடும். விளிம்பு போனால் காலமும் போச்சு.

பதிவு என்றால் இவ்வளவும் சேர்ந்தது. தோண்டும் முன் இடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, மாறாத ஒரு புள்ளியிலிருந்து அளப்பது. ஒவ்வோர் அடுக்குக்கும் எண். மண்ணின் நிறத்தை மன்சல் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு எழுதுவது. பொருளையும் எலும்பையும் அசைக்கும் முன் அளவுகோலும் வடக்குக் குறியும் வைத்துப் படம் எடுப்பது. குழியின் பக்கச் சுவரை அளவுப்படி வரைவது. எடுத்த மண்ணைச் சலிப்பது. பல்லும் பொத்தானும் துப்பாக்கிக் குண்டும் சலிப்பில்தான் அகப்படும். பை மேல் சீட்டு. அந்தப் பை யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நேரத்தில் போனது என்ற கைமாற்றுப் பதிவு. கடைசியில், எது எதற்கு முன், எது எதற்குப் பின் என்று காட்டும் ஒரு வரைபடம். எட்வர்ட் ஹாரிஸ் என்ற தொல்லியலாளர் இங்கிலாந்தில் 1973-ல் இதை உருவாக்கினார். உலகம் முழுவதும் அவர் பெயரில்தான் அதை அழைக்கிறார்கள்.

அடுக்கைப் பற்றிய சண்டை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. கீழடியில் முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை அதைத் திருத்தச் சொன்னது. காலக் கணிப்பையும், மாதிரிகள் கிடைத்த ஆழத்தையும் அடுக்கையும் பற்றிக் கேள்வி எழுப்பியது. மண்ணடுக்கு வரிசைப்படிதான் காலத்தைக் கணித்தேன் என்று அவர் பதில் எழுதினார். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அடுக்குக்கே இவ்வளவு போராட்டம். நம் தாத்தா பாட்டி காலத்து அடுக்கைப் பற்றிப் பேசினால் என்ன நடக்கும்?

ஹாரிஸ் அந்த வரைபடத்தை உருவாக்கிய அதே 1973-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் வெண்மணி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில், ராமையாவின் சிறு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கேட்டது கூடுதல் நெல் கூலி. நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்கு நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970-ல் 10 ஆண்டுத் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிறைய நிலம் வைத்திருப்பவர்கள், கார் வைத்திருக்கிற அளவுக்கு வசதியானவர்கள், ஆளை ஏவாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பில் இருந்த காரணங்களில் ஒன்று.

தடயத் தொல்லியல் படித்த கண்ணோடு இதைப் பாருங்கள். எரிந்த குடிசை ஓர் அகழாய்வுக் களம். அடியில் வெந்து சிவந்த மண் தரை. அதன் மேல் உடல்கள். உடல்களின் மேல் சரிந்து விழுந்த கூரைச் சாம்பலும் மூங்கில் கரியும். கூரைச் சாம்பல் உடலுக்கு மேலே இருந்தால், கூரை விழும்போது ஆள் உள்ளே இருந்தார். சாம்பல் உடலுக்குக் கீழே இருந்தால், உடல் பிறகு வந்தது. உடலுக்கு நேர் கீழே தரை வேகாமல் தப்பியிருந்தால், தரை வேகும் முன்பே அந்த உடல் அங்கே விழுந்திருக்கிறது. கதவின் தாழ்ப்பாள் இரும்பு எரிந்த பிறகும் கிடைக்கும். எந்த நிலையில் கிடக்கிறது என்று வரையலாம். தீ வைத்தவரின் பெயரை இந்த அடுக்குகள் சொல்லாது. உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலம் நடந்ததோடு பொருந்துகிறதா என்று சொல்லும். அப்படிப் பொருந்திவிட்டால், "கூலிக்காரன் பேச்சை எப்படி நம்புவது?" என்று கேட்பது கடினமாகும். கார் வைத்திருப்பவர் நடந்து வருவாரா என்ற கேள்விக்கு எந்த அடுக்கிலும் பதில் கிடையாது. அது சாதிச் சமூகம் மனதில் வைத்திருந்த கேள்வி. ஒரு வழக்கில் மண் பேசாத இடத்தை அந்த மனது நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் பதிவு நமக்கு வேண்டும்.

வேதாரண்யத்துக்கு எதிரே, கடல் தாண்டினால் இலங்கையின் வடபகுதி. தமிழ் பேசும் மண்ணில் மனித எலும்புகளுக்காக அடுக்கடுக்காகத் தோண்டும் வேலை பெரிய அளவில் நடந்தது அங்கேதான். இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று மன்னார். 2018 மார்ச்சில், நகரின் சதொச கட்டடத்துக்காகத் தோண்டி வேறோர் இடத்துக்கு ஏற்றிப்போன மண்ணில் எலும்புகள் தெரிந்தன. பிறகு நீதிமன்ற மேற்பார்வையில் 300-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். எலும்பு மாதிரிகள் ஆறு அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்குப் போயின. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: 1404-க்கும் 1635-க்கும் இடைப்பட்ட காலம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த தாய்மாரால் அதை ஏற்க முடியவில்லை. ஆய்வகம் சொன்னது தவறென்று நான் சொல்ல வரவில்லை. ஆறு எலும்பின் வயது அந்த ஆறு பேரின் வயது. மற்ற நூற்றுக்கணக்கானவர்களுக்கும் அது பொருந்த வேண்டுமானால், எல்லோரும் ஒரே காலத்தில் வெட்டிய குழியில், ஒரே நிரப்பு மண்ணில் கிடந்தார்கள் என்று அடுக்குப் பதிவு காட்ட வேண்டும். யாரும் எதையும் எழுதும் முன்பே மேல் மண்ணில் ஒரு பகுதி லாரியில் போய்விட்டது. அதோடு போனது, அந்தத் தாய்மாருக்கு ஆமென்றோ இல்லையென்றோ உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு சான்று.

இன்னொன்று செம்மணி. 1996 செப்டம்பரில் பள்ளி மாணவி கிருசாந்தி குமாரசாமியை இராணுவத்தினர் பாலியல் வன்முறை செய்து கொன்றார்கள். தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்றார்கள். 1998-ல் தண்டிக்கப்பட்ட சிப்பாய்களில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, 300 முதல் 400 உடல்கள் அந்தப் பகுதியில் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999-ல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பிறகு கால் நூற்றாண்டு மௌனம். 2025 பிப்ரவரியில், அருகிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமானத்துக்குத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. நீதிமன்ற உத்தரவுப்படி, பேராசிரியர் ராஜ் சோமதேவவின் குழு தோண்டியது. செப்டம்பருக்குள் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஒரு சிறு குழந்தையின் எலும்போடு நீல நிறப் பள்ளிப் பையும் பொம்மையும் கிடந்தன.

அந்தப் பையின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்து அழுதிருப்போம். நீதிமன்றத்தில் அந்தப் பை என்ன செய்யும் என்றும் யோசிக்க வேண்டும். ஒரு நிரப்பு மண்ணுக்குள் கிடைக்கும் பொருள்களிலேயே புதியது எதுவோ, அது செய்யப்பட்ட பிறகுதான் அந்தக் குழி மூடப்பட்டிருக்கும். பை அந்தக் குழந்தையோடு ஒரே குழியில், ஒரே மண்ணில் கிடந்தது என்று எண்ணும் படமும் வரைபடமும் நிறுவினால், பையின் வயது குழியின் வயதைச் சொல்லும். பை தனியாக, எலும்பு தனியாகப் பெட்டிக்குப் போயிருந்தால், "மயானத்தில் யாரோ எப்போதோ போட்ட பை" என்று ஒரு வழக்கறிஞர் எழுந்து சொல்லிவிட முடியும். மயானத்துக்குள்ளேயே புதைத்ததால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. முறையாக அடக்கம் செய்த குழி எது, அவசரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட குழி எது என்று பிரித்துக் காட்ட அடுக்கைத் தவிர வேறு வழி இல்லை.

மறைக்கிறவர்களுக்கும் இது தெரியும். 1995 ஜூலையில் போஸ்னியாவின் சிரெப்ரெனிட்சாவில் ஏறத்தாழ 8,000 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று புதைத்தார்கள். சில மாதங்களில் அதே குழிகளை இயந்திரத்தால் தோண்டி, உடல்களை லாரியில் ஏற்றித் தொலைவில் புதுக் குழிகளில் கொட்டினார்கள். கோஸ்லுக் என்ற இடத்தின் குழி, பாட்டில் தொழிற்சாலைக் கழிவு கொட்டிய இடத்தில் இருந்தது. தொலைவில் தோண்டிய குழிகளில் உடல்களோடு அதே பச்சைக் கண்ணாடிச் சில்லுகள் கிடைத்தன. எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்கு உடல்கள் போயின என்று சில்லையும் மண்ணையும் மகரந்தத்தையும் வைத்து நிறுவினார்கள். சில்லு அற்பம் என்று யாரும் தூக்கி எறியாததால் அது நடந்தது.

இதையெல்லாம் பெரிய பெரிய நிபுணர்கள் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். அர்ஜென்டினாவில் 1983-ல் இராணுவ ஆட்சி முடிந்ததும் அடையாளமற்ற புதைகுழிகளை இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். எலும்புகள் நொறுங்கின, கலந்தன. காணாமல் போனவர்களின் பாட்டிமார் போராடினார்கள். 1984-ல் கிளைட் ஸ்னோ என்ற அமெரிக்க மானுடவியலாளர் அங்கே வந்தார். அவருக்கு உதவ முன்வந்தவர்கள் தொல்லியலும் மானுடவியலும் மருத்துவமும் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். உங்கள் வயதுக்காரர்கள். கரணையும் தூரிகையும் பதிவேடுமாக அவர்கள் தொடங்கிய குழு, பிறகு பல நாடுகளில் போய் வேலை செய்தது.

மறுபடி நம் ஊருக்கு வருகிறேன். இங்கே இன்று பெரும்பாலும் புதைப்பதில்லை, எரிக்கிறார்கள். ஆணவக் கொலை என்றால் இரவோடு இரவாகச் சுடுகாடு. 2024 ஜனவரியில் பட்டுக்கோட்டை வட்டாரத்தில், பட்டியல் சாதி இளைஞரை மணந்த பெண்ணை அவர் குடும்பத்தாரே கொன்று எரித்ததாக வழக்குப் பதிவானது. எரித்தால் எல்லாம் முடிந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படி முடிந்துவிடுவதில்லை. நம் பக்கத்தில் முறையாக அடுக்கும் சிதையில் கட்டை, வரட்டி, வைக்கோல், மேலே சேற்றுப் பூச்சு. எரிந்து ஆறினால் வைக்கோல் தடம் பதிந்த வெந்த மண் கட்டிகள் மேலே கிடக்கும், கீழே வரட்டிச் சாம்பல், அதற்கும் கீழே எலும்பு, அடியில் சிவந்த தரை. பெட்ரோல் ஊற்றி அவசரமாக எரித்த இடத்தில் இந்த வரிசை இருக்காது. ஆனால் இந்தச் சான்றுக்கு ஆயுள் மிகக் குறைவு. மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, சாம்பலை ஆற்றில் கரைத்துவிடுவார்கள். கொலைக்காரர்களுக்கு அந்தச் சடங்கே வசதியாகிவிடுகிறது.

எந்தச் சிதை எந்த நாளில், எந்த இடத்தில், எதன் மேல் எரிந்தது என்று அறிந்த ஒருவர் ஊரில் இருக்கிறார். சாதி அவர் தலையில் கட்டிய தொழிலைச் செய்யும் சுடுகாட்டுத் தொழிலாளி. அந்த நிலத்தின் அடுக்கு அவருக்கு மனப்பாடம். அகழாய்வுக் குழியிலும் இதுதான் நிலை. மண் நிறம் மாறுவதை முதலில் கண்டு "இங்க மண்ணு வேற மாதிரி இருக்கு" என்று சொல்வது பெரும்பாலும் கூலிக்கு வந்த வயல் தொழிலாளிதான். எலி வளை எது, வெட்டிய குழி எது என்று அவர் கைக்குத் தெரியும். அறிக்கையில் அவர் பெயர் வருவது அரிது. தோண்டியவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர் என்ற பழைய மரக்கால் கணக்கு அங்கேயும் தொடர்கிறது.

ஆகவே என்ன செய்யலாம்?

சட்டம் சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-ன் 6-வது விதிப்படி, தகவல் கிடைத்ததும் மாவட்ட ஆட்சியரோ, வேறு நிர்வாக நடுவரோ, துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத காவல் அதிகாரியோ இடத்துக்கு நேரில் வர வேண்டும். 7-வது விதிப்படி விசாரணையைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவர் நடத்த வேண்டும். புதைத்த உடலைத் தோண்டி எடுத்து ஆய்வு செய்ய உத்தரவிடும் அதிகாரம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 196-வது பிரிவில் நிர்வாக நடுவருக்கு இருக்கிறது. 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் இடத்துக்கு வந்து வீடியோவில் பதிய வேண்டும் என்று 176-வது பிரிவு சொல்கிறது. மாநிலங்கள் அதை ஐந்தாண்டுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, விசாரணையின் நிலையைத் தெரிந்துகொள்ளும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கிறது.

இவற்றை மனுவில் எழுதும்போது "தோண்டுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். இயந்திரம் கூடாது, கையால் தோண்ட வேண்டும். தொல்லியல் படித்த ஒருவர் உடன் இருக்க வேண்டும். அடுக்கு எண், வரைபடம், படம், சலித்த மண், கைமாற்றுப் பதிவு எல்லாம் வேண்டும். குடும்பத்தின் சார்பில் ஒருவர் குழி ஓரத்தில் நிற்க வேண்டும். சுடுகாட்டுத் தொழிலாளியின் வாக்குமூலத்தை அச்சுறுத்தல் இல்லாத இடத்தில் வாங்க வேண்டும், அவருக்குப் பாதுகாப்பு வேண்டும். இப்படி வரிவரியாகக் கேளுங்கள். மறுத்தால் மறுப்பும் கோப்பில் ஏறும். பிறகு அதுவும் ஒரு சான்று.

செய்தி கேட்டு முதலில் ஓடுவது நீங்கள்தான். போனதும் எதையும் தொடாதீர்கள், கூட்டத்தை மிதிக்க விடாதீர்கள். ஒரு செருப்பையோ பேனாவையோ அளவுக்குப் பக்கத்தில் வைத்து நான்கு திசையிலிருந்தும் படம் எடுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சான்றைக் காப்பாற்றக் காவலும் நீதிமன்ற உத்தரவும் வரும்வரை அங்கேயே நில்லுங்கள், தனியாக நிற்காமல் நான்கு பேராக.

இன்னொரு கோரிக்கை. உங்களில் சிலர் தொல்லியல் படியுங்கள், தடய அறிவியல் படியுங்கள். இந்தத் தஞ்சாவூரிலேயே தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் வரலாறும் தொல்லியலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மண்ணை நம் ஆட்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. களியையும் கரம்பையையும் காலால் தொட்டே பிரித்துச் சொல்கிற தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த அறிவு பதிவேட்டுக்குள் போக வேண்டும். மரக்காலும் எழுதுகோலும் ஒரே கையில் இருந்த காலம் போகட்டும். அடுத்த முறை நம் மண்ணைத் தோண்டும்போது, குழிக்குள் இருப்பவர் மட்டும் நம் ஆளாக இருக்கக் கூடாது. அடுக்கு எண் எழுதுகிறவரும் நம் ஆளாக இருக்க வேண்டும்.